திரை சொல்வதும் சர்வர் சொல்வதும்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு டேபிளின் பெயர் 63 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்கள் இந்த எல்லையைத் தொடுவதே அபூர்வம். தமிழில் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். யூடிஎஃப்-8 முறையில் உயிர்மெய்யின் உடலுக்கு 3 பைட், அதன் துணைக்காலுக்கோ கொம்புக்கோ தனியாக 3 பைட், மெய்யின் புள்ளிக்கும் 3 பைட். 'வாடிக்கையாளர்_முகவரிகள்' என்று பெயர் வைத்தால் 67 பைட் ஆகிவிடுகிறது. சர்வர் இதைப் பிழையென்று நிறுத்துவதில்லை. ஓர் அறிவிப்பை அனுப்பிவிட்டு, வாலை வெட்டி, 'வாடிக்கையாளர்_முகவரிக' என்ற பெயரில் டேபிளை உருவாக்கிவிடும். அடுத்து 'வாடிக்கையாளர்_முகவரிகளின்_பட்டியல்' என்று இன்னொன்றை உருவாக்கப் போனால், அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பதில் வரும்.

இப்போது ஒரு நிர்வாக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். படிவத்தில் பெயரை நிரப்பினால் அது கிரியேட் டேபிள் கட்டளையை எழுதித் தருகிறது. அந்தக் கட்டளை சரியா என்று பார்க்க ஒரு தானியங்கி டெஸ்ட் இருக்கிறது. முன்பே சேமித்துவைத்த எதிர்பார்ப்புக் கோப்போடு கட்டளையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. இரண்டும் அச்சாக ஒன்றே, டெஸ்ட் பச்சை. சர்வரில் அந்தப் பெயரில் டேபிள் இல்லை.

எதிர்பார்ப்புக் கோப்போடு ஒப்பிடும் இந்த முறைதான் தரவுத்தளக் கருவிகளுக்குச் சோதனை அமைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது. எடுப்பதற்குக் காரணமும் உண்டு. போஸ்ட்கிரெஸின் சொந்தச் சோதனைத் தொகுப்பே இப்படித்தான் இயங்குகிறது: ஒரு கோப்பில் எஸ்க்யூஎல் கட்டளைகள், இன்னொன்றில் வர வேண்டிய விடை, கட்டளைகளை ஓட்டி வந்த விடையை அதோடு டிஃப் கருவி ஒப்பிடும். மைஎஸ்க்யூஎல்லிலும் வழி இதுதான். இதன் பெரிய பலம் எளிமை. டெஸ்ட் எழுத நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; எஸ்க்யூஎல் தெரிந்த தரவுத்தள நிர்வாகி போதும். என்ன மாறியது என்பதை டிஃப் வரி வரியாகக் காட்டிவிடும். யாரும் சோதிக்க நினைக்காத ஒரு மாற்றம்கூட அதில் சிக்கும்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆர்டர் பை இல்லாத வினவலில் வரிசை மாறினாலும், மொழி அமைப்பு மாறிச் சொற்கள் வேறு ஒழுங்கில் வந்தாலும் டெஸ்ட் சிவப்பாகும். இதற்காகப் போஸ்ட்கிரெஸில் ஒரே டெஸ்டுக்கு எண் இட்ட மாற்று எதிர்பார்ப்புக் கோப்புகளையும் வைக்க விட்டிருக்கிறார்கள். எது பொருந்தினாலும் தேர்ச்சி. இதைவிட ஆபத்தானது, சிவந்த டெஸ்டை மனிதர்கள் கையாளும் விதம். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு குழுவில், டெம்ப்ளேட்டில் ஒரு வெற்று வரி கூடியதால் நாற்பதுக்கும் மேற்பட்ட டெஸ்டுகள் ஒரே நாளில் சிவந்தன. புதிய வெளியீட்டை அப்படியே எதிர்பார்ப்பாக நகலெடுத்துவிட்டு வேலையை முடித்தார்கள். அந்த நாற்பதில் ஒன்றில் உண்மையான பிழை இருந்தது. அன்றிலிருந்து அதுவே 'சரியான விடை' ஆனது. டிஃப் எதையும் மறைக்கவில்லை. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

போஸ்ட்கிரெஸுக்கான நிர்வாக மென்பொருள் பிஜிஅட்மின் 4 இந்த முறையை ஒரு படி முன்னே கொண்டுபோயிருக்கிறது. சி++ மொழியில் இருந்த பழைய பிஜிஅட்மினை விட்டுவிட்டுப் பைத்தானில் புதிதாக எழுதி 2016-இல் வெளியிட்டார்கள். அதன் சோதனைகளில் ஒரு வகை, டேபிள் போன்ற ஒரு பொருளை முதலில் சர்வரில் உருவாக்குகிறது. பிறகு, சர்வர் தன் பொருள்களின் விவரங்களை வைத்திருக்கும் சிஸ்டம் கேட்டலாக்கைப் படித்து, அந்தப் பொருளுக்கான எஸ்க்யூஎல்லை மென்பொருளே திரும்ப எழுதுகிறது. அப்படி வந்ததைத்தான் எதிர்பார்ப்போடு ஒப்பிடுகிறார்கள். போகும் வழியில் சோதிப்பதற்கும் போய்த் திரும்பியதைச் சோதிப்பதற்கும் நிறைய வித்தியாசம். நம் 67 பைட் பெயரை முதல் வகை தப்பவிடும். இரண்டாம் வகை பிடித்துவிடும்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எழுதுவதும் அதே மென்பொருள், திரும்பப் படிப்பதும் அதே மென்பொருள். ஏதேனும் ஒரு பண்பை எழுதும்போதும் விட்டு, படிக்கும்போதும் விட்டால் இரண்டு தவறும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும். குற்றவாளியே சாட்சியாகவும் வந்து நிற்கும் வழக்கு அது. சோதனைச் சட்டகத்துக்கு மென்பொருளின் வழியே போகாத ஒரு தனி இணைப்பு வேண்டும். அது கேட்டலாக்கை நேரடியாகக் கேட்க வேண்டும். என் கணிப்பில், சட்டகத்தை வடிவமைக்கும்போது எடுக்க வேண்டிய தலையாய முடிவு இதுதான். எந்த மொழி, எந்தக் கருவி என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

மாதிரி தேடுபவர்களுக்கு நான் காட்டுவது, போஸ்ட்கிரெஸின் காப்புக் கருவியான பிஜிடம்ப்புக்கு எழுதப்பட்ட டெஸ்டுகளை. அங்கே முழு வெளியீட்டையும் ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தேடல் வடிவம் எழுதி, எந்தெந்த விருப்பங்களோடு ஓட்டினால் அது வெளியீட்டில் இருக்க வேண்டும் என்று குறிக்கிறார்கள். குறிக்காத ஓட்டங்களில் அது இருக்கவே கூடாது என்பதும் சேர்ந்தே சோதிக்கப்படுகிறது. 'இந்த ஸ்கீமாவைத் தவிர்' என்று சொன்னால் உண்மையிலேயே தவிர்த்ததா? நிர்வாகக் கருவியில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம், ஏனென்றால் செய்யக் கூடாததைச் செய்வதால்தான் அங்கே சேதம் வருகிறது.

பதிப்புகளின் சிக்கல் தனி. போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பு விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. எந்த நேரத்திலும் குறைந்தது ஐந்து பதிப்புகள் புழக்கத்தில் இருக்கும். 2022 அக்டோபரில் வந்த 15ஆம் பதிப்பில் டேட்லாஸ்ட்சிஸ்ஓஐடி என்ற கேட்டலாக் நெடுவரிசையை நீக்கினார்கள். அதை நம்பியிருந்த பழைய கருவிகள் புதிய சர்வரைத் திறக்கப் போனதுமே 'அப்படியொரு நெடுவரிசை இல்லை' என்று பிழை காட்டின. இறுதி வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே பீட்டா வந்துவிடுகிறது. அதையும் சோதிக்கும் பதிப்புகளின் பட்டியலில் சேர்த்து இரவுதோறும் ஓட்டும் சட்டகத்துக்கு இந்த மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பிரவுசரைத் திறந்து பொத்தானை அழுத்தும் செலினியம் டெஸ்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவானவை, காத்திருப்பு நேரம் பிசகினால் காரணமின்றி விழுபவை. முக்கியமான பத்துப் பதினைந்து பாதைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் பாதுகாப்பில் சுருக்கக் கூடாது. இந்தச் சட்டகம் டிராப் டேட்டாபேஸ் கட்டளையை அன்றாடம் ஓட்டுவது. கன்ஃபிக் கோப்பில் சர்வர் முகவரியை ஒருவர் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே யோசித்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸ் தன் டெஸ்டுகள் உருவாக்கும் ரோல்களின் பெயர் 'ரெக்ரெஸ்_' என்றே தொடங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஓட்டினாலும் உண்மையான ரோலோடு அது மோதாது. செலவில்லாத காவல்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். காப்பு நகலைத் தேடியபோது ஒன்றுகூட இல்லை. சர்வர் 9.6 பதிப்பு, காப்பு எடுக்க ஓடியது 9.2 பதிப்பின் பிஜிடம்ப். தன்னைவிடப் புதிய சர்வரைக் கண்டால் பிஜிடம்ப் மறுத்து நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அப்படியே நின்றிருக்கிறது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டுப் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் இருந்ததால்தான் மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். நாம் கற்க முடிவதும் அதனால்தான்.

காப்பு வசதிக்கு நான் பார்த்த டெஸ்டுகளில் பல, பிஜிடம்ப்புக்குப் போகும் விருப்பங்கள் சரியாகக் கோக்கப்பட்டனவா என்பதோடு நின்றுவிடுகின்றன. இப்படியொரு சட்டகத்தை நீங்கள் கட்டிக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். காப்பை உண்மையிலேயே எடுங்கள். வெற்றுச் சர்வர் ஒன்றில் மீட்டெடுங்கள். தனி இணைப்பில் போய் டேபிள்களின் பெயர்களையும் வரிசைகளையும் எண்ணிப் பாருங்கள். அந்த டேபிள்களில் ஒன்றுக்காவது தமிழில் நீளமாகப் பெயர் வையுங்கள்.