கார்கடல் படித்த மழைக்காலம்

எங்கள் தேயிலை மலையூரான லெம்பா பெர்த்தாமில் மழை பிடித்துக்கொண்டால் பிற்பகலிலேயே விளக்கைப் போட வேண்டும். தேயிலைச் சரிவுகள் மேலிருந்து நிரை நிரையாக மூட்டத்துக்குள் மறைந்துவிடும். போன நவம்பரில் அப்படி ஒரு வாரம், சன்னலோரம் உட்கார்ந்து ஜெயமோகனின் 'கார்கடல்' படித்தேன். மகாபாரதத்தை நாவல்களாக விரித்த 'வெண்முரசு' வரிசையில் அது இருபதாவது நூல். துரோணர் படைத்தலைமை ஏற்ற நாட்களின் போர். வரிசையிலேயே இருள் அடர்ந்த பகுதிகளில் ஒன்று.

'வெண்முரசு' 2014 ஜனவரி 1 அன்று தொடங்கியது. நாளுக்கு ஓர் அத்தியாயம், நாவலுக்கு நாவல் சிறிது இடைவெளி என்று நடந்து, 26 நாவல்களோடு 2020 ஜூலையில் நிறைவடைந்தது. 1996-இல் முதல் நூல் வந்த ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடருக்கு அதன் வாசகர்கள் இன்னும் முடிவு தேடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கோ முழுக் காவியமும் கையில் இருக்கிறது.

இத்தனை நீளம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கடோத்கஜனைக் காட்டுவேன். ஐந்தாவது நாவலான 'பிரயாகை'யில் இடும்பவனத்து மரங்களின் மேல் தந்தை பீமனோடு தாவித் திரிந்த குழந்தை அவன். அந்தப் பக்கங்களில் காட்டின் பச்சை வாசம் அடிக்கும். பதினைந்து நாவல் தள்ளி, 'கார்கடல்' காட்டும் இரவுப் போரில் அவன் விழுகிறான். கதை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். கர்ணனின் வேல் யாருக்காக வைத்திருந்தது, யார்மேல் போய்ப் பாய்ந்தது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் என் மனசுக்குள் வந்து நின்றவன் அரக்கன் அல்லன், கிளையில் தொங்கிச் சிரித்த பிள்ளை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நீளம் ஏன் என்பது எங்கள் பக்கத்துத் தேயிலைக்காரர்களுக்கு விளங்கும். பறித்த கொழுந்தை அப்படியே உருட்ட மாட்டார்கள். மணிக்கணக்காகக் காற்றில் வாட்டி, ஈரம் இறங்கி, இலை துவண்ட பிறகுதான் உருட்டுவார்கள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் நிறமும் வராது, மணமும் வராது. துயரத்துக்கும் அதே பக்குவம் வேண்டியிருக்கிறது. பிறப்பும் விளையாட்டும் விருந்தும் காதலுமாகப் பல ஆயிரம் பக்கங்கள் நம்மை வாட்டி எடுத்த பிறகுதான் இந்தப் போர் நம்மை உருட்டுகிறது. குருதியைக் கொட்டிக் காட்டுவது யாருக்கும் எளிது. கொட்டுவது யாருடைய குருதி என்று வாசகனுக்குத் தெரிய வைப்பதுதான் கலை.

மொழியும் அதற்குத் துணை நிற்கிறது. வடசொற்களைக் கூடிய மட்டும் விலக்கி எழுதியதால், 'தியானம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஊழ்கம்' வருகிறது. முதலில் தடுக்கும். நூறு பக்கம் தாண்டினால் அந்தச் சொற்களே அந்த உலகத்தின் காற்றாகிவிடும். நம் வீட்டுக் கூடத்தில் பேசும் தமிழிலிருந்து ஓரடி தள்ளி நிற்பதாலேயே, பழகிய கதை புதிய தேசமாகத் தெரிகிறது.

போர்க்களக் காட்சிகளில் சில ஒன்றைப்போல் ஒன்று இருப்பது உண்மைதான். தேர் உடைகிறது, யானை சரிகிறது, மறுபடியும் அம்பு பறக்கிறது. அங்கே வேகமாகப் படித்துப் பார்த்தேன், இழப்பு எனக்குத்தான். அந்தச் சலிப்புக்கு நடுவில்தான் ஒரு வீரனின் ஒற்றை வாக்கியம் ஒளிந்திருக்கும்.

ஆகவே, போர் எப்போது வரும் என்று நேரே 'கார்கடலை' எடுக்காதீர்கள். மானசாதேவி தன் மகன் ஆஸ்திகனுக்குக் கதை சொல்லும் முதல் நாவலான 'முதற்கனலில்' தொடங்குங்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும், எழுதப்பட்டதும் அப்படித்தான்.