ஆல்பத்தில் இல்லாத முகம்

கிரீஷ் கர்னாடின் 'வெட்டிங் ஆல்பம்' நாடகத்தில் தார்வாடைச் சேர்ந்த ஒரு சாரஸ்வத பிராமணக் குடும்பம் கல்யாணத்துக்காகக் கூடுகிறது. மணப்பெண் விதுலா மாப்பிள்ளையை நேரில் பார்த்ததில்லை. அவன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனுக்கு அனுப்ப அண்ணன் ரோஹித் தங்கையை வீடியோ எடுக்கிறான். அக்கா ஹேமா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறாள். வேலைகளுக்கும் பேச்சுக்கும் நடுவே வீட்டின் பழைய கணக்குகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

2008இல் லில்லெட் துபேயின் இயக்கத்தில் ஆங்கிலத்தில் மேடையேறிய இந்த நாடகத்தைப் பற்றிப் பெங்களூருவில் பேச்சு வந்தால், "நம்ம வீட்டுக் கதைதான்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்குச் சேலத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கும் வீடு எங்களுடையது. தன் வீட்டை மேடையில் கண்டுகொள்ளும் இந்தப் பழக்கத்தால் நமக்குக் கிடைப்பது எவ்வளவு, கைநழுவுவது எவ்வளவு என்று பார்க்கவேண்டும்.

கிடைப்பது கொஞ்சமல்ல. பண்டிகை நாளில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாம் எல்லாரும் வழக்கில் ஒரு தரப்பு. ஊர் வீட்டை விற்பதா, அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்விகள் காலையிலிருந்தே அங்கே நிற்கும். நாமோ சில்க் போர்டு சிக்னல் நெரிசலைப் பற்றியும் குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். அத்தை ஒரு பேச்சை எடுத்ததும் அம்மா "இன்னும் ரெண்டு அதிரசம் வெச்சுக்கோங்க" என்பாள். அதை நாம் உபசாரம் என்றே எடுத்துக்கொள்வோம். அதே பேச்சு மேடையில் வரும்போது, தட்டை நீட்டுவது வாயை அடைக்கத்தான் என்பது தெரிந்துவிடுகிறது. ஜே.பி. நகர் ரங்க சங்கரா அரங்கில் பார்வையாளர்கள் மேடையின் மூன்று பக்கமும் அமர்கிறார்கள். நாம் சிரிக்கும் இடத்தில் எதிர்வரிசைக் குடும்பமும் சிரிப்பது கண்ணில் படும். நம் வீட்டுக்கு மட்டுமே உரிய அவமானம் என்று பூட்டி வைத்திருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அறிவது பெரிய விடுதலை. அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கச் சிலருக்காவது துணிச்சல் வருகிறது.

ஆனால், கண்டுகொள்வதை நாமே பொறுக்கி எடுக்கிறோம். வெளிநாட்டு அக்காவின் அலுப்பு நம்முடையது. இசபெல் என்ற பெண்ணைக் காதலித்துவிட்டு வீட்டார் காட்டும் பெண்ணுக்குக் கழுத்தை நீட்டும் ரோஹித்தின் கோழைத்தனத்தையும், கொஞ்சம் தயங்கி, நம்முடையதாக ஏற்போம். அந்த வீட்டின் சமையற்காரி ராதாபாய்க்கும் ஒரு மகள் இருக்கிறாள்; அந்த மகளின் வாழ்க்கை சீரழிந்துபோனது. கல்யாணக் களையுள்ள வீட்டில் கர்னாட் வேண்டுமென்றே வைத்த முள் அது. "நம்ம வீட்டுக் கதை" என்பவர்கள் நாடகத்தை விவரிக்கும்போது ராதாபாயைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் வீட்டிலும் பண்டிகைக்கு இருபது பேருக்கு யாரோ ஒருத்தி சமைத்திருப்பாள். பார்வையாளன் "ஆமாம், எனக்கும் இப்படித்தான்" என்று உருகிப்போவதை ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் சந்தேகித்ததன் காரணம் இங்கே புரிகிறது. உருகியவன் எழுந்து கேள்வி கேட்பதில்லை.

பழி பார்வையாளர்மேல் மட்டுமல்ல. நாடகத்தின் வடிவமும் பெயருக்கேற்ப ஆல்பம்தான். ஒவ்வொரு ரகசியமும் தனித்தனிப் படமாக ஒட்டப்பட்டிருப்பதால், வேண்டாத பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக வழி இருக்கிறது. மகேஷ் எல்குஞ்ச்வாரின் மராத்தி நாடகம் 'வாடா சிரேபந்தி' (1985) இந்தச் சலுகையைத் தருவதில்லை. அங்கே பிள்ளைகள் தந்தையின் ஈமக்கிரியைக்காகக் கூடுகிறார்கள். செலவு, நகை, நிலம், முற்றத்தில் துருப்பிடித்து நிற்கும் டிராக்டர் எல்லாம் ஒரே பிடியில் இறுகுகின்றன. அந்த வீட்டில் தன்னைக் கண்டவர் பாதியில் விலகிக்கொள்ள முடியாது. அந்த இறுக்கத்தினாலேயே அதை உயர்ந்த நாடகமாக நினைக்கிறேன்.

தமிழில் விசு வேறு வழியில் போனார். அவருடைய மேடை நாடகத்திலிருந்து 1986இல் படமான 'சம்சாரம் அது மின்சாரம்' கூட்டுக்குடும்பத்தை மறுபடி ஒட்டவைத்துக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். ஆனால் மூத்த மருமகள் உமா, தனித்தனியாக இருந்து அவ்வப்போது கூடிக்கொள்வோம் என்று முடிவெடுக்கிறாள். அன்று அது துணிவு. இன்று பெங்களூருத் தமிழ் வீடுகள் பல அப்படித்தான் வாழ்கின்றன. அந்தப் படத்தில் மனோரமாவின் கண்ணம்மா, வீட்டு வேலைக்காரி, அரங்கையே ஆள்கிறாள். ஆனாலும் அவளுடைய சாமர்த்தியம் முதலாளி வீட்டுச் சிக்கலை அவிழ்க்கவே செலவாகிறது.

நம் வீட்டைக் காட்டும் நாடகங்கள் போதாது என்று நான் சொல்லவில்லை. அவற்றை இன்னும் பார்க்கவேண்டும், வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதோடு, தீபாவளியன்று விடியுமுன் நம் அடுக்களைக்கு வந்து, பந்தி முடிந்து பிற்பகலில் தன் பிள்ளைகளிடம் திரும்புகிறவளின் வீட்டில் தொடங்கும் நாடகமும் இந்த நகரத்துக்கு வேண்டும். அதில் நாம் ஓரிரு காட்சிகளுக்கு மட்டும் வந்துபோகிறவர்களாக இருப்போம். அப்போதும் "நம்ம வீட்டுக் கதைதான்" என்று சொல்வோமா என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.