தபால்காரர் தட்டிய கதவு

சென்னையின் வரலாற்றை எழுதிவந்த எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் மிசெலனி' பத்தி 1999 முதல் 'தி இந்து'வில் திங்கட்கிழமைகளில் வந்தது. நான் அதை எப்போதும் கடைசியிலிருந்துதான் படிப்பேன். தபால்காரர் கதவைத் தட்டிய சேதி அங்கேதான் இருக்கும். பழைய கட்டடம் ஒன்றைப் பற்றியோ ஊர் மறந்துபோன ஒரு துரையைப் பற்றியோ அவர் எழுதியிருப்பார். அதைப் படித்துவிட்டு அந்தத் தெருவில் வளர்ந்தவரோ, அந்தக் குடும்பத்துப் பேரனோ ஒரு கடிதம் போட்டிருப்பார்: ஆண்டு தப்பு, உறவுமுறை தப்பு, கட்டடம் அந்தத் தெருவில் இல்லை. முத்தையா எழுதியவரின் பெயரைச் சொல்லி, தன் பிழையை அச்சிலேயே திருத்துவார்.

பத்திரிகையில் பிழைதிருத்தம் எங்கே வரும் என்று நமக்குத் தெரியும். ஒரு மூலையில், பொடி எழுத்தில், இரண்டு வரி. இவரோ அதைத் திண்ணைக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசினார். ஒருவர் திருத்துவார், அதைப் பார்த்து இன்னொருவருக்கு ஒரு ஞாபகம் வரும், மூன்றாவது வாரம் யாரும் எதிர்பாராத கதை ஒன்று வந்து நிற்கும். தப்பு இத்தனை அழகாக விளைந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் செய்தி மேசையில் வந்தது என்றே நினைக்கிறேன். 1930இல் பள்ளத்தூரில் பிறந்து இலங்கையில் வளர்ந்தவர். கொழும்பில் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் 17 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1968இல் சென்னைக்கு வந்தார். ஊருக்குப் புதியவர் என்பதால் எதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அத்துடன் டிடி மேப்ஸ் நிறுவனத்தில் வரைபட வேலை. 1981இல் வந்த 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' புத்தகத்தில் இரண்டும் தெரிகிறது. மன்னர் வரிசையோ கவர்னர் வரிசையோ பிடித்துப் போகாமல், இடம் இடமாக நடத்திக் கூட்டிப் போகிறது. பதிப்புக்குப் பதிப்பு அது பருத்தது. பிறகு பெயரும் 'மெட்ராஸ் ரீடிஸ்கவர்டு' ஆனது. அந்தக் கனத்தில் தபால்காரருக்கும் பங்குண்டு.

அவர் நடத்திய 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழ், 2004இல் நண்பர்களோடு தொடங்கிய மெட்ராஸ் தினம் எல்லாம் ஊரறிந்தவை. எனக்குப் பிடித்தது அவர் திரும்பத் திரும்பத் தேடிப்போன சின்னச் சின்ன மனிதச் சுவடுகள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726இல் அடையாற்றின் குறுக்கே சொந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று பெயர். மாம்பலம் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது. பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் உபயம். பழைய பாலம் போய், இன்று அங்கே மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. உஸ்கானின் நினைவுக் கல் மட்டும் சைதாப்பேட்டையில் நிற்கிறது. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என மூன்று மொழி எழுத்து. பேருந்துப் புகை படிந்த அந்தக் கல்லைத் தினமும் எத்தனையோ பேர் தாண்டிப் போகிறோம். நான் நின்று பார்த்தது முத்தையாவைப் படித்த பிறகுதான். தமிழ் ஊரில், தமிழ் எழுத்தே இல்லாத கல்லில், நம் ஊர்க்காரர் ஒருவர்! அந்த 'நம் ஊர்க்காரர்' என்ற எண்ணத்தை எனக்குத் தந்தவர் முத்தையா.

2019 ஏப்ரல் 20 அன்று அவர் காலமானார். ஊர்க்கதை எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரமோ, கல்யாணப் பத்திரிகையோ, பெயர் தெரியாத முகங்கள் நிற்கும் புகைப்படமோ இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஊர்க்கதை எழுதுகிறவர்கள் எழுதியதில் தப்பு கண்டால் ஒரு கடிதம் போடுங்கள்.