கீட்டோ காற்று மட்டும் ஜெயிக்க வைக்கவில்லை

2017 பிப்ரவரியில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் நடந்த ஏடிபி ஆண்கள் டென்னிஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வலைக்கு இந்தப் பக்கம் 36 வயது, அந்தப் பக்கம் 35. டொமினிக்கன் குடியரசின் விக்டர் எஸ்ட்ரெல்லா புர்கோஸும் இத்தாலியின் பாவ்லோ லொரென்சியும் மோதினார்கள். இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 2015-இல் இதே கீட்டோவில் எஸ்ட்ரெல்லா தன் முதல் ஏடிபி பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 34 வருடம் 6 மாதம். ஓப்பன் சகாப்தத்தில் அந்த வயதில் முதல் பட்டம் வென்றவர் அதுவரை யாருமில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் லொரென்சி தன் முதல் பட்டத்தை ஜெயித்தார். அவருக்கு 34 வருடம் 7 மாதம். சாதனை கைமாறியது.

கீட்டோவில் முதல் செட்டை டைபிரேக்கரில் லொரென்சி எடுத்தார். இரண்டாவது 7-5 என எஸ்ட்ரெல்லாவுக்கு வந்தது. மூன்றாவதும் டைபிரேக்கருக்குப் போனது. அங்கே 8-6. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கோப்பை எஸ்ட்ரெல்லாவிடம்.

அவருடைய ஏடிபி பட்டங்கள் மொத்தம் மூன்று. மூன்றும் கீட்டோவில் வந்தவை. அதனாலேயே அவரைப் பற்றிப் பேசுபவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: மலை உச்சியில் மட்டும் ஆடத் தெரிந்தவர், காற்று கொடுத்த கோப்பைகள் என்று. இது சரியான கணிப்பு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஸ்கோர்களைப் பார்த்தாலே போதும்.

கீட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. பந்தைத் தடுத்து நிறுத்தப் போதிய காற்று இல்லை. டாப்ஸ்பின் போட்டு அடித்தாலும் பந்து எதிர்பார்த்த இடத்தில் இறங்காமல் கோட்டைத் தாண்டிப் போகும். ராக்கெட் நரம்பை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். பந்தையும் உயரமான ஊர்களுக்கென்று தனியாகத் தயாரித்ததைத்தான் பயன்படுத்துவார்கள். ஆக்சிஜன் குறைவு என்பதால் நீண்ட ரேலி முடிந்ததும் மூச்சு வாங்கும்.

இப்படிப்பட்ட இடம் யாருக்குச் சாதகம்? உயரமாக நின்று வேகமாக சர்வீஸ் போடுபவருக்கு. எஸ்ட்ரெல்லாவின் உயரமோ 1.73 மீட்டர். ஆண்கள் டென்னிஸில் இது குட்டை. போதாக்குறைக்கு ஒற்றைக் கை பேக்ஹேண்ட். களிமண் தரையில், அந்த மெல்லிய காற்றில், பந்து குத்தி எழும்பும்போது தோளுக்கு மேலே போகும். ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு அதைவிடக் கஷ்டமான இடம் வேறில்லை.

2015 இறுதியில் எதிரே நின்றவர் ஸ்பெயினின் ஃபெலிசியானோ லோபஸ். இடது கைக்காரர், சர்வீஸே ஆயுதம். இடது கைக்காரர் இடப்பக்கக் கட்டத்துக்குப் போடும் சுழல் சர்வீஸ், வலது கைக்காரரை மைதானத்துக்கு வெளியே இழுத்து பேக்ஹேண்டில் வந்து விழும். அதைத் திருப்ப இரண்டே வழி. ஒன்று, ஓரடி முன்னே வந்து பந்து எழும்பும் முன்பே அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்லைஸ் செய்து தாழ்வாக உயிரோடு வைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பயிற்சியும் துணிச்சலும் வேண்டும், உயரம் உதவாது. எஸ்ட்ரெல்லா 6-2, 6-7, 7-6 என ஜெயித்தார். 2016 இறுதியிலும் இன்னொரு இடது கைக்காரர், பிரேசிலின் தோமஸ் பெல்லுச்சி. முதல் செட்டை 4-6 என இழந்து, இரண்டாவதை டைபிரேக்கரில் மீட்டு, மூன்றாவதை 6-2 என முடித்தார்.

மூன்று இறுதிகளில் ஒன்பது செட்கள், ஐந்து டைபிரேக்கர்கள். ஒன்றுகூட நேர் செட் வெற்றி இல்லை. இரண்டில் கடைசி செட்டே டைபிரேக்கரில் முடிந்தது. காற்று ஒருவருக்கு அள்ளிக் கொடுத்த கோப்பைகளின் ஸ்கோர் இப்படி இருக்காது.

கீட்டோவுக்கு முன்பே நியூயார்க் இருக்கிறது. 2014 அமெரிக்க ஓப்பன், கடல் மட்டம், கடினத் தரை. இரண்டு சுற்றுகளைத் தாண்டிய எஸ்ட்ரெல்லா மூன்றாவது சுற்றில் போட்டியின் ஐந்தாம் தரநிலை ஆட்டக்காரரான கனடாவின் மிலோஸ் ராவோனிச்சைச் சந்தித்தார். 1.96 மீட்டர் உயரம், அன்றைய உலகின் மிகப் பெரிய சர்வீஸ்களில் ஒன்று. மூன்று செட்களும் டைபிரேக்கருக்குப் போயின. மூன்றையும் ராவோனிச் எடுத்தார். தோல்விதான். ஆனால் 34 வயதில், அந்த சர்வீஸுக்கு எதிரே, மூன்று முறையும் 6-6 வரை வந்து நின்றவரை மலைவாசி என்று ஒதுக்குவது எந்த நியாயம்? நியூயார்க்கில் வாழும் டொமினிக்கன் மக்கள் கொடியோடு வந்து கத்தித் தீர்த்தார்கள்.

அப்படியானால் இவ்வளவு திறமை ஏன் இவ்வளவு தாமதமாக வெளியே வந்தது? உடம்பில் விடை இல்லை, பணத்தில் இருக்கிறது.

எஸ்ட்ரெல்லா 1980 ஆகஸ்டில் சாண்டியாகோ டி லாஸ் கபல்லெரோஸ் நகரில் பிறந்தார். அந்த நாட்டில் பையன் நன்றாக ஓடினால், எறிந்தால், அவனுக்காகக் காத்திருப்பது பேஸ்பால். அமெரிக்க மேஜர் லீக் கிளப்புகள் அங்கேயே அகாடமி கட்டி வைத்து, பதினாறு வயதுப் பையன்களை ஒப்பந்தம் செய்கின்றன. பேஸ்பால் நட்சத்திரங்கள் பெட்ரோ மார்ட்டினெஸும் டேவிட் ஆர்ட்டிஸும் உருவான மண் அது. டென்னிஸ் ஆட்டக்காரனுக்கு அப்படி எந்த வாசலும் கிடையாது. 2002-இல் தொழில்முறைக்கு வந்தும், முழுநேரமாக ஊர் ஊராகச் சுற்ற முடிந்தது இருபதுகளின் நடுவில்தான்.

கீழ்மட்ட ஃபியூச்சர்ஸ் போட்டிகளின் கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல போட்டிகளில் மொத்தப் பரிசுத் தொகையே 10,000 டாலர். அதை 32 பேர் பங்கு போட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்கு மிஞ்சுவது ஓட்டல் வாடகைக்குக்கூடக் காணாது. ஐரோப்பாவில் இருப்பவர் அடுத்த வாரப் போட்டிக்கு ரயிலில் போய்விடலாம். தீவில் இருப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் விமானம்.

ஜமைக்காவுக்கு ஆடிய டஸ்டின் பிரவுனின் கதையை இதன் பக்கத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகும். ஜெர்மனியில் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்தவர். 2004-இல் பெற்றோர் வாங்கிக் கொடுத்த கேம்பர் வேனிலேயே தங்கி, ஐரோப்பா முழுக்கப் போட்டிக்குப் போட்டி ஓட்டிச் சென்று ஆடினார். போதிய ஆதரவு இல்லை என்று 2010-இல் ஜெர்மனிக்கு மாறினார். 2015 செப்டம்பரில் டேவிஸ் கோப்பை உலகப் பிரிவுத் தகுதிச் சுற்றுக்காக ஜெர்மனி அணி சாண்டோ டொமிங்கோவுக்கு வந்தபோது, அதில் பிரவுன் இருந்தார். எதிரணியில் எஸ்ட்ரெல்லா. ஜெர்மனி வென்றது. ஆனால் பிரவுனுக்கு இருந்த வேனும் சாலையும் எஸ்ட்ரெல்லாவுக்கு இருந்ததில்லை என்பதை அந்த முடிவு மறைத்துவிடக் கூடாது.

2012-இல் முழங்கைக் காயம் வேறு. முப்பதைத் தாண்டிய, தரவரிசையில் நூறுக்கு வெளியே இருக்கும் ஒருவர் அத்தோடு ராக்கெட்டைக் கீழே வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்தார். 2014 மார்ச்சில், 33 வயதில், முதல் நூறுக்குள் நுழைந்தார். டொமினிக்கன் குடியரசிலிருந்து அங்கே போன முதல் ஆள். 2015 ஜூலையில் 43-ஆம் இடம். அதுதான் அவர் தொட்ட உச்சம்.

ஏடிபி தரவரிசையில் புள்ளிகள் 52 வாரமே நிற்கும். கீட்டோ வெற்றிக்குக் கிடைத்த 250 புள்ளிகளும் அடுத்த பிப்ரவரியில் கழிந்துவிடும். மறுபடி ஜெயித்தால்தான் இருக்கும் இடத்தில் இருக்க முடியும். 35 வயதிலும் 36 வயதிலும் அதே ஊருக்கு அந்த அழுத்தத்தோடு போய், அதை இருமுறை சாதித்தார் என்பதை அவருடைய பட்டங்களைவிடப் பெரிதாக மதிக்கிறேன். கீட்டோ போட்டி 2018-உடன் நின்றது. 2019-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா அந்த இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு எஸ்ட்ரெல்லாவும் விடைபெற்றார், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில்.