நூற்றுக்கு நூறு வாங்கும் கார்கள்

2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த பழங்கார் போட்டியில் ஒரு புகாட்டிக்குத் தலைப்பரிசு கொடுத்தார்கள். 1934இல் செய்த டைப் 59. பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த கார். அவர் காலத்துக் கறுப்பு வண்ணமும் மஞ்சள் கோடும் தேய்வும் வெடிப்புமாக இன்னும் அதன் மேல் இருக்கின்றன. 1950இல் தொடங்கிய அந்தப் போட்டியில், புதுப்பிக்காமல் காத்த கார்களுக்கான பிரிவிலிருந்து வந்த ஒன்று தலைப்பரிசு வாங்கியது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து பழங்கார் வட்டாரத்தில் ஒரு நிம்மதிப் பேச்சு உலவுகிறது. அளவுக்கு மீறிப் புதுப்பித்த காலம் முடிந்துவிட்டதாம். பழமைக்கு மரியாதை வந்துவிட்டதாம். சந்தை தன்னைத் தானே திருத்திக்கொண்டுவிட்டதாம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசர் வைத்திருந்த பந்தயக் காரில் இருக்கும் கீறலை ரசிப்பது சுலபம். அந்தக் கீறலுக்கே வம்சாவளி உண்டு. ஏதோ ஓர் ஊர் மில் முதலாளி பின்னிருக்கையில் சாய்ந்து போன பாக்கார்டு லிமோசினுக்கு, பூச்சி அரித்த கம்பளியும் மங்கிய குரோமுமாக வந்து நின்றால், இதே கருணை கிடைக்குமா? அடுத்த ஆண்டே தலைப்பரிசு புதுப்பித்த ஒரு ஹிஸ்பானோ-சூய்ஸாவிடம் திரும்பிப் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்கச் சொகுசுக் கார்களின் விற்பனைக் குறிப்புகளைப் புரட்டினால் பழைய பல்லவிதான் கேட்கிறது: பாடியைச் சட்டகத்திலிருந்து கழற்றிக் கடைசி நட்டு வரை புதுப்பித்தது, அமெரிக்க கிளாசிக் கார் கிளப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியது, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்ததைவிடச் சிறப்பாக இருப்பது. கடைசியில் சொன்னதைப் புகழ்ச்சி என்று நினைத்து எழுதுகிறார்கள். குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டிய வாசகம் அது.

புதுப்பிப்பே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கார்களின் தகட்டுக்குள் இருப்பது மரச் சட்டம். ஈரம் இறங்கினால் கதவு தொங்கிவிடும். பேரிங்குகளில் வார்த்த பாபிட் உலோகம் ஒருநாள் உதிரும். பிரேக் பிடிக்காத இரண்டரை டன் வண்டியை வரலாற்று மரியாதைக்காக அப்படியே விட்டுவைக்க முடியாது. 1955இல் பில் ஹில் தன் அத்தையின் 1931 பியர்ஸ்-ஆரோவைச் சீராக்கி பெபிள் பீச்சில் தலைப்பரிசு வாங்கினார். பின்னால் 1961இல் பார்முலா ஒன் உலக வாகையர் ஆன அதே ஹில்தான். அந்த வெற்றிதான் பழைய கார்களைப் பழைய இரும்புக்குப் போகாமல் தடுத்தது என்றால் ஓரளவு உண்மை. மரத்தச்சர், மெத்தை தைப்பவர், முலாம் பூசுபவர் என்று அழிய இருந்த சில கைத்தொழில்களுக்கும் இந்தப் பணக்கார விளையாட்டுதான் சோறு போட்டது. இவ்வளவையும் ஒப்புக்கொள்வோம்.

ஆனால் புதுப்பிப்பு கெடுப்பதும் உண்டு. வண்ணத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1930களில் இந்தக் கார்களுக்குப் பூசியது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பல பூச்சுப் பூசிக் கையால் தேய்த்து எடுத்த பளபளப்பு அது. மென்மையானது, ஆழம் குறைவு, வருடங்கள் போகப்போக மங்கும். இன்று பூசுவது யூரித்தேன். அதன் மேல் தெளிந்த ஒரு பூச்சு, கண்ணாடியில் பார்ப்பது போல முகம் தெரியும். கீழ்ச்சட்டகத்தின் அடிப்பக்கமும் அதே பளபளப்பில். அன்றைய தொழிற்சாலையில் எவரும் திரும்பிப் பார்க்காத பக்கம் அது. பலரும் கறுப்பு டயரோடு வாங்கிய கார்களுக்கு வெள்ளைப் பட்டை டயர். கூடவே இரண்டு பக்கமும் உபரிச் சக்கரம், கூடுதல் விளக்குகள், பின்னால் ஒரு பெட்டி. வாங்கியவர் கேட்காத அலங்காரமெல்லாம் ஏறிக்கொள்கிறது. இதெல்லாம் ரசனைக் குறை. சகித்துக்கொள்ளலாம், வண்ணத்தை யாரும் இன்னொரு முறை சுரண்டி எடுக்கலாம். மீட்க முடியாத கேடு வேறு இடத்தில் இருக்கிறது.

அது பாடியில் இருக்கிறது. டூசன்பெர்க் மாடல் ஜே-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 டிசம்பர் 1 அன்று நியூயார்க் கண்காட்சியில் வந்தது. எட்டு சிலிண்டர், 6.9 லிட்டர், நிறுவனம் சொன்ன கணக்கில் 265 குதிரைசக்தி. கம்பெனி விற்றது எஞ்சினும் சேஸியும்தான். அதற்கே 8,500 டாலர். அதே நேரத்தில் ஒரு ஃபோர்டு மாடல் ஏ ஐந்நூறு டாலர் சுற்றுவட்டத்தில் கிடைத்தது. சேஸியை வாங்கியவர் பாசடீனாவில் மர்ஃபி, நியூயார்க்கில் ரோல்ஸ்டன் என்று ஒரு பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்புவார். லெபாரன், டெர்ஹம் போன்ற பட்டறைகளும் இருந்தன. 1937 வரை ஏறத்தாழ 480 வண்டிகள்தான் செய்தார்கள். பல பாடிகள் ஒன்றுக்கு மேல் கட்டப்படாதவை. அப்படிப்பட்ட ஒரு பாடி போனால் அந்த வடிவமே உலகத்தை விட்டுப் போயிற்று.

போரும் அதற்கு முந்தைய பொருளாதார மந்தமும் கழிந்து ரசிகர்கள் தேடத் தொடங்கியபோது, அவர்கள் தேடியது திறந்த கார்களை. கூரையை மடக்கினால் காற்றில் மிதக்கும் ஃபேட்டனுக்கும் ரோட்ஸ்டருக்கும் இருந்த மவுசு, பெட்டி போன்ற லிமோசினுக்கு இல்லை. ஆகவே லிமோசின்களையும் செடான்களையும் உதிரி பாகக் கிடங்காகவே பார்த்தார்கள். மூடிய பாடியைக் கழற்றி வீசினார்கள். லெபாரன் பாணியில், மர்ஃபி பாணியில் புதிய திறந்த பாடி கட்டிச் சேஸியில் ஏற்றினார்கள். பாக்கார்டிலும் இது நடந்தது. விற்பனைக் குறிப்புகளில் "பாணி" என்ற அந்தச் சொல் எவ்வளவு சிறிதாக, வாக்கியத்தின் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனிப்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு. அந்தச் சந்தை இன்றும் மாறவில்லை. நடிகர் கேரி கூப்பரிடம் இருந்த, சேஸியைக் குறுக்கிச் செய்த டூசன்பெர்க் எஸ்எஸ்ஜே 2018இல் 2.2 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதுவரை எந்த அமெரிக்கக் காரும் ஏலத்தில் தொடாத விலை. இருவர் உட்காரும் திறந்த கார் அது. அது அசல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அப்படி ஒரு விலை எந்தப் பக்கம் ஆசை காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. அறிவாளிகளும் அதைச் சொல்கிறார்கள். பாடி மாற்றுவது அந்தக் காலத்து வழக்கம்தானே என்கிறார்கள். 1930களிலேயே ஒரு சேஸியிலிருந்து இன்னொன்றுக்குப் பாடிகள் தாவின; விற்பனையாளர்கள் பழைய வண்டிக்குப் புதுப் பாடி போட்டு மறுபடி விற்றார்கள்; அப்படியிருக்க, 1970லோ 1990லோ மாற்றினால் மட்டும் என்ன குற்றம்?

தகவல் சரி, முடிவு தவறு. 1933இல் உரிமையாளர் பாடியை மாற்றினால் அது அந்தக் காரின் வாழ்க்கை. காசு குறைந்தது, மோஸ்தர் மாறியது, மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணமும் காரோடு சேர்ந்து வரலாறு. அவர் அதை 1929இல் அப்படியே பிறந்த வண்டி என்று யாரிடமும் நடிக்கவில்லை. பின்னால் வந்தவர் செய்வது வேறு. அவர் ஒரு வாழ்க்கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடக்காத வாழ்க்கை ஒன்றை வைக்கிறார். அதைக் காலத்தால் முந்தியது என்று காட்டுவதற்காகவே அத்தனை கைத்திறனையும் செலவழிக்கிறார். கைத்திறன் கூடக்கூடப் பொய்யும் தேர்ச்சி பெறுகிறது. மட்டமாகச் செய்த நகலை எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். ஆகச்சிறந்த நகலைத்தான் நாளைய ஆராய்ச்சியாளர் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.

இதில் எது தொலைந்தது என்று பாருங்கள். டவுன் கார் என்றும் லிமோசின் என்றும் சொன்ன வண்டிகளில் முன்னிருக்கைக்குத் தோல், பின்னிருக்கைக்குக் கம்பளி. முன்னால் உட்கார்ந்த டிரைவர் பல வண்டிகளில் மழையிலும் வெயிலிலும் இருந்தார், தோல்தான் தாங்கும். நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. முதலாளி பேச வேண்டுமென்றால் ஒரு பேச்சுக்குழாய். அமெரிக்க வர்க்க வாழ்க்கையைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சாட்சி அதிகம் இல்லை. டிரைவர் பக்கம் தேய்ந்த தோல் எங்கே தேய்ந்தது, கால் எங்கே ஊன்றியது, கதவின் உள்விளிம்பில் எத்தனை வருடம் கை பட்டது என்பதெல்லாம் அந்த மனிதனின் ஒரே கையொப்பம். பெயர் கூட மிஞ்சாதவர்கள் அவர்கள். அந்தத் தோலை உரித்துப் புதுத் தோல் தைத்தவுடன் அவர் காரிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார். பாடியையே தூக்கி எறிந்தாலோ, அப்படி ஒருவர் வேலை பார்த்தார் என்பதற்கே தடயமில்லை.

மந்த காலத்தின் இன்னொரு வரலாறும் இதனோடு போகிறது. முப்பதுகளின் நடுவில் இந்தப் பெரிய வண்டிகள் அடிமாட்டு விலைக்கு விழுந்தன. சேஸி பலமானது என்பதால் சில பழைய பியர்ஸ்-ஆரோக்களும் பாக்கார்டுகளும் இழுவை வண்டிகளாயின. பின்பக்கத்தை அறுத்துக் கொக்கி மாட்டினார்கள். அந்த வெல்டிங் வடுவை விற்பனைக் குறிப்பு "முந்தைய அலட்சியம்" என்பது போல எழுதும். 8,500 டாலர் சேஸிகளைக் கண்ட நாடு, அப்பேர்ப்பட்ட வண்டியை எப்படிக் கராஜில் வேலைக்கு வைத்தது என்பதற்கு அது கண்கண்ட ஆதாரம். புதுப்பிப்பவர் அதைத்தான் முதலில் சாணை பிடித்து மறைக்கிறார்.

இதன் மொத்த விளைவை ஒரு கண்காட்சிப் புல்வெளியில் நின்று பார்க்கலாம். 1920களின் முடிவுக்குள் அமெரிக்காவில் விற்ற கார்களில் பெரும்பான்மை மூடிய கார்கள் ஆகிவிட்டன. புல்வெளியிலோ ஃபேட்டன், ரோட்ஸ்டர், மடக்குக் கூரை என்று வரிசையாக நிற்கின்றன. நாடே அன்று வெயிலில் உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்ததாக ஒரு தோற்றம். சந்தை விரும்பியதைச் சந்தையே தயாரித்து, அதையே கடந்த காலம் என்று காட்சிக்கு வைத்திருக்கிறது.

நடுவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மதிப்பெண் முறை அப்படி அமைந்திருக்கிறது. கீறலுக்கு மதிப்பெண் குறையும். அசலுக்கு அச்சாகச் செய்த புதுக் கதவுத் தகட்டுக்குக் குறையாது. கழிக்கத்தக்கது எதுவும் இல்லாத காருக்கு நூறு. அதாவது அதற்கு எதுவுமே நேர்ந்திருக்கக் கூடாது. தொண்ணூறு வருடம் வாழ்ந்த எந்தப் பொருளுக்கும் பொருந்தாத அளவுகோல் அது.

வேறு வழி தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. பழைய வாகனக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா கொண்டுவந்த டூரின் சாசனம், மாற்றிய பாகங்களில் அழியாத அடையாளமிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பிலடெல்பியாவில் அருங்காட்சியகம் அமைத்த நரம்பு அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோன், வரலாற்று முக்கியத்துவமுள்ள கார்களைக் காப்பது பற்றி 2012இல் ஒரு நூலே தொகுத்து வெளியிட்டார். ஆபர்ன்-கார்டு-டூசன்பெர்க் கிளப் சேஸி, எஞ்சின், பாடி ஆகியவற்றின் அசல் தன்மையைச் சோதித்து வகை பிரித்துச் சான்று தருகிறது. முதல் வகை கிடைத்த காரின் குறிப்பில் அது முதல் பத்தியிலேயே வந்துவிடும். கிடைக்காத காரின் குறிப்பில் பத்து விருதுகளும் சென்ற மைல்களும்தான் வரும். பில்கள் நிறைந்த தடித்த கோப்பு காரோடு தருகிறோம் என்கிறார்கள். அந்தக் கோப்பில் பொருத்தியவற்றின் விலை இருக்கும், கழற்றியவற்றின் பட்டியல் இருக்காது. சுரண்டிய வண்ணம் எத்தனை அடுக்கு, அடியில் என்ன நிறம், எந்த மரத்துண்டு அசல், அகற்றிய பாடி எந்தப் பட்டறையுடையது, இப்போது எங்கே கிடக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கப் பெரிய செலவாகாது. லட்சக்கணக்கான டாலர் கேட்கும் விற்பனையாளர் அந்த ஒரு பக்கத்தைக் கொடுக்கட்டும். கொடுத்தால் விலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். இழுவை வண்டியாக உழைத்த பாக்கார்டு ஒன்று கொக்கியோடும் வடுவோடும் நாளை விற்பனைக்கு வந்தாலும், புதுப்பிக்க ஏற்ற வண்டி என்றுதான் அதற்கு விளம்பரம் எழுதுவார்கள்.