ஆசிரியர், உபாத்தியாயர், பந்துலு: எல்லைப்பகுதி மொழிபெயர்ப்பில் சொல்லும் தகுதியும்

இரு மொழிகள் ஒரே மூலத்திலிருந்து பெற்ற சொற்கள் மொழிபெயர்ப்பாளருக்கு உற்ற துணை என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. வடசொற்களை மிகுதியாக ஏற்ற தெலுங்கிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர் இதனை எளிதில் நம்பிவிடுகின்றனர். ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம் போன்ற பகுதிகளில் இரு மொழிகளும் அருகருகே வழங்குகின்றன. அங்குப் பாடநூலோ சுற்றறிக்கையோ தமிழில் பெயர்க்கப்படும்போது இந்நம்பிக்கையின் குறை வெளிப்படும். கற்பிப்போரைக் குறிக்கும் சொற்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

மனுதரும சாத்திரம் ஆசாரியரையும் உபாத்தியாயரையும் வேறுபடுத்துகிறது. மாணவனுக்கு உபநயனம் செய்வித்து வேதம் முழுவதையும் கற்பிப்பவர் ஆசாரியர்; பிழைப்பின் பொருட்டு அதன் ஒரு பகுதியைக் கற்பிப்பவர் உபாத்தியாயர். முன்னவரே தகுதியில் உயர்ந்தவர். இன்றைய தெலுங்கு இவ்வரிசையைப் புதிய நிறுவனங்களுக்குப் பொருத்திக்கொண்டது. பள்ளியில் கற்பிப்பவர் உபாத்யாயுடு. பல்கலைக்கழகத்தில் உயர்பதவி வகிப்பவர் ஆசார்யுடு.

தமிழில் நிகழ்ந்தது வேறு. இங்கு ஆசிரியர் என்பதே பள்ளிக்குரிய பொதுச்சொல்லாயிற்று. ஆகவே உயர்நிலையைக் குறிக்கப் 'பேர்' என்னும் அடை தேவைப்பட்டது. தொல்காப்பிய உரைகாரர் ஒருவர் பேராசிரியர் என்றே அறியப்பட்டமையால் அத்தொடர் ஆயத்தமாகவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளிகளில் வழங்கிய உபாத்தியாயர் என்னும் சொல் இன்று வழக்கிழந்துவிட்டது. 1906இல் உ. வே. சாமிநாதையர் பெற்ற மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டத்தில் அச்சொல்லின் உயர்வு நிலைபெற்றது. அதன் தேய்ந்த வடிவமான வாத்தியார் பேச்சுவழக்கில் தங்கியது.

எனவே ஆசார்யுடு என்பதை ஆசிரியர் எனப் பெயர்த்தால் பல்கலைக்கழகப் பேராசிரியர் பள்ளியாசிரியராகிவிடுவார். உபாத்யாயுடு என்பதை உபாத்தியாயர் எனப் பெயர்த்தாலோ இன்றைய அரசுப் பள்ளியாசிரியர் நூறாண்டு பின்னோக்கிச் சென்றுவிடுவார். இரண்டும் மூலத்தோடு ஒலியால் ஒத்தவை, பொருளால் பிழைபட்டவை.

ஆசு, இரியர் எனப் பிரித்துக் 'குற்றம் களைபவர்' என விளக்கும் வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. இவ்விளக்கம் மேடைக்கு இனியது; ஆராய்ச்சிக்கு உதவாது. பாலியில் ஆசரிய என்றும் மலையாளத்தில் ஆசான் என்றும் வழங்கும் வடிவங்களோடு ஒருங்கு வைத்து நோக்கின் இது ஆசார்ய என்பதன் வழிவந்த சொல் என்பது தெளிவாகும். மூலத்தை ஏற்பதால் சொல்லின் தமிழ்மை குன்றுவதில்லை. பொருளைத் தமிழ் தானே வகுத்துக்கொண்டது என்பதற்குப் பேராசிரியர் என்னும் ஆக்கமே சான்று.

பேச்சுவழக்கில் நிலைமை இன்னும் நுட்பமானது. தெலுங்கில் பந்துலு என்பது ஊர்ப்பள்ளி ஆசிரியரையும் சடங்கு செய்விக்கும் புரோகிதரையும் குறிக்கும். தமிழில் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் வாத்தியார். மூலத்தால் இவ்விரு சொற்களுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இதுவே பொருத்தமான இணை. இராயலசீமை வழக்கில் பள்ளியாசிரியரைக் குறிக்கும் அய்யவாரு என்பதை ஐயர் எனப் பெயர்த்தால், தொழிற்பெயர் சாதிப்பெயராக மாறிவிடும்.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. தமிழில் ஆசிரியர் என்பது கற்பிப்பவரை மட்டுமன்றி நூல் இயற்றியவரையும் இதழை நடத்துபவரையும் குறிக்கும். தெலுங்கு இம்மூவரையும் முறையே உபாத்யாயுடு, ரசயித, சம்பாதகுடு எனப் பிரிக்கிறது. பாடநூலில் 'ஆசிரியர் குறிப்பு' என்னும் தலைப்பு நூலாசிரியரைப் பற்றியதா, கற்பிப்பவருக்கு உரியதா என்பதைத் தெளியாமல் அதனைத் தெலுங்காக்க இயலாது.

செப்டம்பர் 5ஆம் நாள் 1962 முதல் தமிழில் ஆசிரியர் நாள் எனவும் தெலுங்கில் உபாத்யாய தினோத்சவம் எனவும் கொண்டாடப்படுகிறது. அந்நாளுக்குரிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். திருத்தணியோ சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் தமிழகத்தோடு இணைந்தது. ஒருவரையே போற்றும் ஒரே நாளுக்கு வெவ்வேறு மூலமுடைய இரு பெயர்கள் அமைந்திருந்தும் பொருள் சிறிதும் மாறவில்லை. சொல்லின் பிறப்பைவிட, அம்மொழியின் சொல்வரிசையில் அது பெற்றுள்ள இடமே மொழிபெயர்ப்பிற்கு அளவுகோல் என்பது இதனால் பெறப்படும். இருமொழி அகராதிகள் இணைச்சொல்லோடு அதன் நிறுவனச் சூழலையும் வழக்கு நிலையையும் குறிப்பிடுதல் வேண்டும். அல்லாவிடின் எல்லைப்பகுதி மாணவன் தன் எதிரே நிற்பவரைத் தன் பாடநூலில் அடையாளம் காண இயலாது.