மரம் சொன்னதும் ஐயர் சொன்னதும்

சிறுகதையைப் படித்து முடித்ததும் 'ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?' என்று கேட்பது நம் வகுப்பறைப் பழக்கம். அதன் பலமும் குறையும் ஒருசேரத் தெரிவது 'குளத்தங்கரை அரசமர'த்தில்தான். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயர் எழுதியது. 1915-ல் 'விவேகபோதினி'யில் வந்தபோது அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வந்தது.

ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி அப்பாவின் பணம் போனதும் ருக்மிணியைப் புகுந்த வீடு ஒதுக்கிவிடுகிறது. கணவன் நாகராஜனுக்கு மறுமணம் நிச்சயமாகிறது. தாலி கட்டும் நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் புகட்டுவது அவன் திட்டம். அதை மரத்தடியில் நண்பனிடம் சொல்கிறான், மனைவியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து இறக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருந்த மரம்தான் நமக்குக் கதை சொல்கிறது.

விளையாட்டுக்குக்கூடப் பெண் மனத்தை நோகடிக்காதீர்கள் என்று மரம் கடைசியில் வேண்டுகிறது. அதை ஐயரின் குரலாகக் கொள்வது தவறல்ல. அந்த இரக்கம் அவருடையதேதான். நேராகப் போய் அதைத் தொட வைப்பது இந்தப் பழக்கத்தின் பலம்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பழி முழுவதும் விளையாட்டின் மேல் விழுந்துவிடும். மருமகளை அவள் அப்பாவின் பணத்தால் எடைபோட்ட குடும்பம் தப்பித்துக்கொள்ளும். மரம் அதைச் சொல்லாமல் இல்லை. அறிவுரையில்தான் அதற்கு இடமில்லை. என் பார்வையில் ஐயரின் ஆழமான மனநிலை, யாருக்கு எது தெரியும் என்று அவர் பிரித்துவைத்த விதத்தில் இருக்கிறது. திட்டம் நண்பனுக்குத் தெரியும், மரத்துக்குத் தெரியும், நமக்கும் தெரியும். யாருடைய வாழ்க்கையோ அவளுக்கு மட்டும் தெரியாது. அவளுக்காகவே போட்ட திட்டத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவள்மேல் உயிரையே வைத்திருந்தவனுக்கும் தோன்றவில்லை. எந்த அறிவுரையையும்விடக் கடுமையான குற்றச்சாட்டு இது. 'கருத்து' தேடுகிற வாசகர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்.

புதுச்சேரியின் பிரபஞ்சன் எழுதிய 'மரி என்கிற ஆட்டுக்குட்டி'யில் கதை சொல்பவரின் குரலையே எழுத்தாளரின் குரலாகக் கொள்ளும் இந்தச் சிக்கல் வேறு விதம். தலைமையாசிரியர் பள்ளியிலிருந்து நீக்கவிருக்கும் மாணவி மரியைத் தேடி வீட்டுக்கே போகும் ஆசிரியர் தானே கதை சொல்கிறார். அவரும் பிரபஞ்சனும் மிக நெருக்கம். மரத்தால் கேட்டுக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது; இந்த ஆசிரியரால் தேடிப் போய்த் தலையிட முடிகிறது. எனக்குப் பிடித்த கதை. ஆனாலும் அவர் பார்த்த அளவுக்குத்தான் நாமும் மரியைப் பார்க்கிறோம். அவளே சொல்லியிருந்தால் அந்தத் தலைமையாசிரியர் மட்டுமல்ல, இந்த நல்ல ஆசிரியரும் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிந்திருப்பார்.